எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட்: மலையை விட்டு இறங்கும் முன் கேட்கிற கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரி பக்கம். இப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, மஞ்சூர் என்று மலையில் இருந்து வருகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மே மாத வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

வயிற்று ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாச்சு. மறுபடியும் எதற்கு ஒரு ஸ்கேன்?

தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா, படுக்கையில் ஏறி உட்கார்ந்ததும் இதைத்தான் கேட்டார். "ஊட்டியில ஒண்ணு, மேட்டுப்பாளையத்துல ஒண்ணு எடுத்தாச்சு தங்கம். ரெண்டுலயும் ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்கு. வலி மட்டும் போகல." அவர் கையில் இருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். 'ஒன்றும் இல்லை' என்று அதில் எழுதவில்லை. 'வாயு மறைத்ததால் கணையம் சரியாகத் தெரியவில்லை' என்றுதான் இருந்தது. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி. ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் படமாக்குகிறார்கள். தண்ணீர், சதை வழியாக இந்த ஒலி நன்றாகப் போகும். காற்று வந்தால் அங்கேயே திரும்பிவிடும். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும்போது நடுவில் இரைப்பையும் குடலும் காற்றோடு நிற்கின்றன. கல்லீரலில் இருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாயான பித்தநாளத்தின் கீழ்ப்பகுதிக்கும் இதே கதைதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், ஆனால் மூடுபனி இறங்கிய நாளில் அங்கே நின்று பார்த்தால் கீழே ஒரு ஊரும் தெரியாது. ஊர் இல்லாமல் போய்விடவில்லை, பனி மறைக்கிறது. ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பனிக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும்.

இந்தப் பரிசோதனை அதைத்தான் செய்கிறது. எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியில் ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, வாய் வழியாக இரைப்பைக்குள்ளும் அதை அடுத்து வரும் முன்சிறுகுடலுக்குள்ளும் கொண்டுபோகிறார்கள். இரைப்பைச் சுவரில் கருவியை ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் கணையத்தின் உடலும் வாலும். முன்சிறுகுடலில் வைத்தால் கணையத்தின் தலையும் பித்தநாளமும். நடுவில் காற்று இல்லை, கொழுப்பு இல்லை, சில மில்லிமீட்டர் சுவர் மட்டும்தான்.

சாதாரண எண்டோஸ்கோப்பி செய்தேனே, அதில் தெரியாதா?

சாதாரண எண்டோஸ்கோப்பியில் இருப்பது கேமரா. குடலின் உள்பக்கத் தோலை மட்டும் காட்டும். புண், ரத்தக்கசிவு, உள்ளே வளர்ந்த கட்டி எல்லாம் அதில் தெரியும். சுவருக்குள்ளே என்ன, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்பது கேமராவுக்குத் தெரியாது. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் இரைப்பைச் சுவர் ஐந்து அடுக்காகத் தெரியும், கருப்பும் வெளுப்பும் மாறி மாறி. ஒரு வீக்கம் எந்த அடுக்கில் இருந்து கிளம்புகிறது என்று பார்த்தாலே அது என்ன வகை என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். கொழுப்புக் கட்டி ஒரு அடுக்கில் வரும், தசையில் இருந்து வளர்கிற கட்டி வேறு அடுக்கில் வரும். சில சமயம் அது வீக்கமே இல்லை, பக்கத்து உறுப்பு வெளியில் இருந்து அழுத்துகிறது என்று தெரிந்து எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

இது புதுச் சோதனையும் இல்லை. 1980-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் முதல் கருவிகளைப் பற்றி எழுதினார்கள். 1992-ல் டென்மார்க்கின் பீட்டர் வில்மன் குழுவினர் இதன் வழியாகவே ஊசி செலுத்திக் கணையத்தில் இருந்து சதை எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் இதன் மதிப்பு பல மடங்கு கூடியது. வயிற்றுக்கு மேலே வைக்கிற ஸ்கேன் சுமார் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் வேலை செய்யும். இதில் 5 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம். அதிர்வெண் கூடக் கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் எட்டும் ஆழம் குறையும். பக்கத்தில் போய்விட்டதால் ஆழம் தேவைப்படுவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

எந்தெந்தப் பிரச்சினைக்கு இதை எழுதுகிறார்கள்?

எங்கள் அறைக்கு அதிகம் வருவது பித்தநாளக் கல் சந்தேகம். பித்தப்பையில் இருக்கும் கல்லைச் சாதாரண ஸ்கேனே நன்றாகக் காட்டிவிடும். அந்தக் கல் நழுவிப் பித்தநாளத்தில் இறங்கிவிட்டால், சாதாரண ஸ்கேனில் பாதிப்பேருக்குத் தெரியாமலே போகும். 3, 4 மில்லிமீட்டர் கல், மணல் மாதிரியான கசடு எல்லாம் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும். கடுகளவு கல்தானே என்று நினைக்காதீர்கள். பித்தநாளமும் கணையநாளமும் சேர்கிற வாயில் அது போய் அடைத்தால் கணைய அழற்சி வரும். அந்த வலி வந்தவர்கள் முதுகு வரை கத்தி இறக்கின மாதிரி என்று சொல்வார்கள்.

அடுத்தது கணையம். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் கணைய அழற்சி, கணையத்தில் நீர்க்கட்டி, சி.டி. ஸ்கேனில் லேசாகச் சந்தேகம் காட்டிய இடம். 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கணையக் கட்டியைக் கண்டுபிடிப்பதில் இது சி.டி.யை விடக் கூர்மையானது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் சேர்ந்து, சர்க்கரை நோயும் வந்து, மெலிந்துபோகிற ஒரு வகை நாள்பட்ட கணைய நோய் உண்டு. குடிப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் அது வரும். அப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும் 'குடிகாரனா' என்று கேட்டு மனதைப் புண்படுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆரம்பக் கட்டத்து மாற்றங்களை எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் மற்ற ஸ்கேன்களுக்கு முன்பே காட்டலாம்.

உணவுக்குழாய், இரைப்பை, மலக்குடல் புற்றுநோய் உறுதியானவர்களுக்குச் சுவரில் எத்தனை ஆழம் போயிருக்கிறது, பக்கத்து நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்கவும் பயன்படுத்துகிறார்கள். நேராக அறுவை சிகிச்சையா, முதலில் கீமோவா என்பது பல சமயம் இதைப் பொறுத்து மாறும். மலக்குடலுக்கு என்றால் கருவி கீழ் வழியாகப் போகும், எனிமா கொடுத்துத் தயார் செய்வார்கள்.

நெஞ்சின் நடுவில் உள்ள நெறிக்கட்டிகளையும் உணவுக்குழாயில் இருந்தே ஊசியால் தொடலாம். டி.பி.யா வேறு எதாவதா என்று குழம்பி வருகிறவர்களில் சிலருக்கு டி.பி. என்று உறுதியாகும். டி.பி. என்று தெரிந்து ஒரு குடும்பம் நிம்மதியாகச் சிரிப்பதை இந்த அறையில்தான் பார்த்தேன். அவர்கள் பயந்து வந்தது புற்றுநோய் என்று. டி.பி.க்கு மாத்திரை இருக்கிறது.

எனக்கு வாயுத் தொல்லை, நெஞ்செரிச்சல். நானே கேட்டு இதைச் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். அதற்கு இது தேவையில்லை. அல்சர், நெஞ்செரிச்சல் எல்லாம் மருந்திலும் சாதாரண எண்டோஸ்கோப்பியிலும் பார்க்கிற விஷயம். டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், "இந்தப் பரிசோதனையில் எதைத் தேடுகிறீர்கள் சார்? இருந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர் இரண்டு வரியில் பதில் சொல்வார். அந்தப் பதில் தெரியாமல் மூன்று மணி நேரம் மலை இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வரலாமா?

இதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்கிறேன். கிருமியால் வருகிற மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அப்போது கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியால் சரியானது என்பார். பித்தநாளம் அடைத்து வருகிற காமாலை அப்படி இறங்காது. அதன் அடையாளம்: சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போகும், மலம் வெளுத்துக் களிமண் மாதிரி இருக்கும், ராத்திரி தூங்க விடாமல் உடம்பெல்லாம் அரிக்கும். வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலியே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறுகிற காமாலையும் எடை குறைவும் சேர்ந்து வந்தால், கணையத் தலையில் கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசரம், அன்றைக்கே கிளம்ப வேண்டும். இரண்டு மாதம் பத்தியம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு எங்களால் செய்ய முடிவது பல சமயம் குறைந்துபோய்விடுகிறது.

எம்.ஆர்.சி.பி. எடுக்கச் சொன்னார்கள், இ.ஆர்.சி.பி. என்றும் சொன்னார்கள். எல்லாம் ஒன்றா?

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் வருகிற குழப்பம். எம்.ஆர்.சி.பி. என்பது எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்து எடுப்பது. குழாய் கிடையாது, மயக்கம் கிடையாது, நாளங்களின் வரைபடம் கிடைக்கும். மிகச் சிறிய கல் அதில் தவறலாம். இ.ஆர்.சி.பி. என்பது சிகிச்சை. நாளத்துக்குள்ளேயே கம்பி விட்டு, எக்ஸ்ரே பார்த்துக் கல்லை எடுப்பது அல்லது அடைப்பு வராமல் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைப்பது. அதில் கணைய அழற்சி வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் கல் நிச்சயமாக இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் முதலில் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் இ.ஆர்.சி.பி. போகிறார்கள். பல இடங்களில் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடுவார்கள்.

வலிக்குமா? உள்ளே என்ன நடக்கும்?

சாதாரண எண்டோஸ்கோப்பியை மயக்கம் இல்லாமல் தாங்கியவர்கள் "இதுவும் அப்படித்தானே" என்பார்கள். இந்தக் குழாய் அதைவிடத் தடிமன், நுனி வளையாது, நேரமும் கூட ஆகும். அதனால் மயக்க ஊசி கொடுத்துத்தான் செய்வார்கள்.

முதலில் கையில் ஊசி போட்டு வைப்போம். மலையில் இருந்து விடிகாலை வந்தவர்களின் கை சில்லென்று இருக்கும், நரம்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். வெந்நீர்ப் பையைக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே வரும். குத்திக் குத்தித் தேடுவதை விட ஐந்து நிமிடம் காத்திருப்பது மேல், தயங்காமல் கேளுங்கள். தொண்டையில் ஒரு ஸ்பிரே அடிப்போம். கசக்கும், தொண்டை மரத்துப்போய் எச்சில் விழுங்க முடியாத மாதிரி இருக்கும். மூச்சு நிற்காது, அது வெறும் மரப்பு. விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் மாட்டுவோம், அதனால் நெயில் பாலிஷை அழித்துவிட்டு வாருங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம். மூக்கில் ஆக்சிஜன். மருந்து ஏறியதும் தூக்கம்.

வெறும் பார்வை என்றால் 15 முதல் 30 நிமிடம். ஊசியில் சதை எடுத்தால் ஒரு மணி நேரம் வரை போகலாம். விழித்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது, "எப்போ ஆரம்பிப்பீங்க?"

என்ன தயாரிப்பு?

குறைந்தது 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பல இடங்களில் 8 மணி நேரம் என்பார்கள். பால் கலந்த டீ வயிற்றைப் பொறுத்தவரை சாப்பாட்டுக் கணக்குதான். நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அதிகாலை பஸ் பிடித்து இறங்கி, மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் குளிருக்கு ஒரு டீ. அப்புறம் காலை 8 மணிக்கு இருந்த நேரம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும், சில சமயம் மறுநாளுக்கே போகும். மயக்கத்தில் அந்த டீ மேலே ஏறி நுரையீரலில் இறங்கினால் ஆபத்து என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. வெறும் தண்ணீர் எந்த நேரம் வரை குடிக்கலாம் என்று மயக்க டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிலை, புகையிலை, பீடி முந்தின இரவோடு நிறுத்த வேண்டும்.

மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவாருங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எங்களுக்குத் தெரியாது. பிரஷர் மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு வாய் தண்ணீரில் போடச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அளவை முன்னாலேயே கேளுங்கள். வாரம் ஒருமுறை போடுகிற சர்க்கரை ஊசி, எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்கள் கட்டாயம் சொல்லுங்கள், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் தனி விஷயம். குளோபிடோக்ரலை, ஊசி போட்டுச் சதை எடுப்பதாக இருந்தால், 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும். ஆஸ்பிரினைப் பல சமயம் நிறுத்துவதே இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. இருதய டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள். ஆடுகிற பல், செயற்கைப் பல், ஆஸ்துமா, ராத்திரி பலமான குறட்டை, மருந்து அலர்ஜி இவற்றையும் சொல்லிவிடுங்கள்.

கட்டியில் ஊசி குத்தினால் அது பரவிவிடும் என்கிறார்களே?

ஊருக்கு ஊர் ஓடுகிற பயம் இது. இதற்காகவே பாதி வழியில் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஊசி போன வழியில் கட்டி முளைத்த நிகழ்வுகள் உலகில் பதிவாகியிருக்கின்றன, ஆனால் மிக மிக அரிது. பித்தநாளம் கல்லீரலுக்குள் நுழைகிற இடத்தில் உள்ள கட்டி மாதிரி சிலவற்றில் டாக்டர்களே ஊசியைத் தவிர்ப்பார்கள். கட்டி சின்னதாக, உடனே அறுத்து எடுக்கக் கூடியதாகத் தெளிவாகத் தெரிந்தால் ஊசியே போடாமல் அறுவை சிகிச்சைக்குப் போவதும் உண்டு. மற்றவர்களுக்கு, அது என்ன வகை என்று தெரியாமல் கீமோ தொடங்க முடியாது. ஊசி போட்டதால் பரவியது என்று ஊரில் சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, ஊசி போடும் முன்பே அது பரவியிருந்தது.

ஊசி மெல்லியது. 22, 25 கேஜ் (ஊசியின் தடிமனைச் சொல்லும் எண்) அளவுகள் சாதாரணமாகப் பயன்படுவது. திரையில் ஊசியின் வெள்ளைக்கோடு கட்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டேதான் குத்துவார்கள். நடுவில் ரத்தக்குழாய் இருந்தால் அதுவும் நிறத்தில் தெரியும்.

என்ன ஆபத்து இருக்கிறது?

வெறுமனே பார்ப்பதில் ஆபத்து மிகக் குறைவு. குடலில் ஓட்டை விழுவது பத்தாயிரத்தில் சிலருக்கு நடப்பது. கணையத்தில் ஊசி போட்டால் நூற்றில் ஒருவர் இருவருக்குக் கணைய அழற்சி வரலாம், பெரும்பாலும் லேசானது. ரத்தக்கசிவு, நீர்க்கட்டியில் சீழ் பிடிப்பது ஆகியவையும் அரிதாக உண்டு. நீர்க்கட்டியைத் தொடும்போது ஆன்டிபயாடிக் கொடுப்பது அதற்காகத்தான். தொண்டை கரகரப்பும் வயிறு உப்புசமும் ஒரு நாள் இருக்கும்.

வீட்டுக்குப் போனபின் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், கருப்பு மலம், மூச்சுத் திணறல் இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அன்றைக்கே மலை ஏறிவிடலாமா?

ஊசி போடாத பரிசோதனை, காலையில் முடிந்தது, கூட ஆள் இருக்கிறார், கார் இருக்கிறது என்றால் டாக்டர் அனுமதியோடு போகலாம். ஊசி போட்டிருந்தால் ஒரு ராத்திரி கீழேயே தங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். நடு ராத்திரியில் வயிறு வலித்தால் மலையில் இருந்து இறங்குவது லேசு இல்லை. கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை பக்கம் யானை நிற்கும். குன்னூர் சாலையில் மழைக்கு மரம் விழும், மண் சரியும். 2009 நவம்பர் மழையில் பாதைகள் துண்டித்துப் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. கூடலூர்க்காரர்கள் மைசூர் போய்ச் செய்துகொண்டால், பந்திப்பூர் வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைத்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பி விறைத்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஊட்டி 2,240 மீட்டர். பரிசோதனையின்போது வயிற்றுக்குள் விட்ட காற்று மிச்சம் இருந்தால் அதுவும் அதே மாதிரி விரியும். ஆபத்து இல்லை, ஆனால் கொண்டை ஊசி வளைவில் உப்பின வயிறும் மயக்க மருந்தின் குமட்டலும் சேர்ந்தால் ஆள் துவண்டுபோவார். காற்று நன்றாகப் பிரிந்த பிறகு, லேசாக இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, கத்தி கவாத்து வேலை கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் கூடாது. தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றும், ஆனால் அந்தத் தெளிவை நம்பாதீர்கள்.

செலவு?

மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஊசிக்கும் பயாப்ஸிக்கும் தனிக் கட்டணம் இருக்கும், சேர்த்துக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதி உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் தேவைப்படும். எந்தப் பரிசோதனை, எந்த மருத்துவமனையில் அதில் வரும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். முன் அனுமதி வாங்காமல் செய்துவிட்டு அப்புறம் பணம் கேட்பது நடக்காது. அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் செய்தும் விசாரிக்கலாம்.

ரிசல்ட் எப்போது வரும்? 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் நம்பலாமா?

படத்தில் பார்த்ததை அன்றைக்கே எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் டாக்டர் சொன்னது எதுவும் மறுநாள் நினைவிருக்காது, அதனால் கூட வந்தவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சதைப் பரிசோதனைக்குச் சில நாள் ஆகும், டி.பி. வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஊசியில் புற்றுநோய் செல் வரவில்லை என்பதால் புற்றுநோயே இல்லை என்று ஆகிவிடாது, சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள். கல்லீரலின் வலது பகுதி மாதிரி இதற்கு எட்டாத இடங்களும் உண்டு.

முதலில் சொன்ன அந்த அக்காவுக்குப் பித்தநாளத்தின் அடியில் 4 மில்லிமீட்டர் கல். அதே மயக்கத்தில் எடுத்துவிட்டார்கள். எழுந்ததும் அதைக் காட்டச் சொன்னார். சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினேன். கொழுந்துக் கறை படிந்த விரலால் கிண்ணத்தை லேசாகச் சாய்த்து உருட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு நாளும்" என்று கேட்டுவிட்டு, ரிப்போர்ட்டை மடித்து ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பித்தப்பையை எடுக்க எந்த வாரம் வர வேண்டும் என்று அவர் மகள் எழுதிக்கொண்டிருந்தாள்.